தேய்க்காதீர்கள், துடைக்காதீர்கள்: பழைய எலக்ட்ரிக் கிட்டாருக்கு விலை பார்க்கும் விதம்

எங்கள் ஊர்ப் பக்கம் வீடு பங்கு பிரிக்கும்போது எல்லாச் சாமானுக்கும் ஒரு கணக்கு உண்டு. பர்மாத் தேக்குத் தூணுக்கு, பெல்ஜியம் கண்ணாடிக்கு, பித்தளை அண்டாவுக்கு என்று பங்காளிகள் எல்லோருக்கும் விலை தெரியும். பரணிலிருந்து இறங்கும் எலக்ட்ரிக் கிட்டாருக்கு மட்டும் யாருக்கும் கணக்குத் தெரியாது. எனாமல் வாளி, பழைய ரேடியோவோடு சேர்த்து மொத்தமாகப் பேசி, காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெரு பழம்பொருள் கடைக்குப் போய்விடுகிறது. அந்தக் கடைக்காரர்களைக் குறை சொல்ல மாட்டேன். மரமும் பித்தளையும் அவர்களுக்கு அத்துபடி. கிட்டார் அவர்கள் தொழில் இல்லை. விற்பவர்தான் விலை தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

திருவிழா மேடைகளில் வாசித்துவிட்டு இப்போது காரைக்குடியில் கிட்டார் பழுது பார்க்கிறேன். இந்தப் பக்கம் கிடைக்கிற பழைய கிட்டார்களில் பெரும்பாலானவை மலேயா, சிங்கப்பூரிலிருந்து வந்தவை. 1961இல் இங்கிலாந்துப் பாடகர் கிளிஃப் ரிச்சர்டும் அவரோடு வாசித்த ஷாடோஸ் கிட்டார் குழுவும் சிங்கப்பூர் வந்து வாசித்த பிறகு அங்கே தெருவுக்குத் தெரு கிட்டார் குழுக்கள் முளைத்தன. அங்கே தொழில் பார்த்த நம் வீட்டு இளவட்டங்களும் வாங்கினார்கள், ஊர் திரும்பும்போது கொண்டுவந்தார்கள். அதனால் முதலில் எதிர்பார்க்க வேண்டியது 1960களின் ஜப்பான் கிட்டார்: டெய்ஸ்கோ, குயாட்டோன் மாதிரி. அடுத்து கல்கத்தாவில் செய்த கிவ்சன். அமெரிக்காவின் ஃபெண்டரோ கிப்சனோ கிடைப்பது அபூர்வம், ஆனால் கிடைக்காமல் இல்லை.

சரி, கிட்டார் கையில் இருக்கிறது. முதல் வேலை, எதுவுமே செய்யாமல் இருப்பது. தேவகோட்டையில் ஒரு ஆச்சி வீட்டுக்குப் போனபோது, கிட்டாரைத் திண்ணையில் கிடத்திப் பக்கத்தில் புளியும் தேங்காய் நாரும் தயாராக வைத்திருந்தார்கள். "தேச்சு வச்சாத்தானே தம்பி விலை போகும்?" என்றார்கள். பித்தளைக்கு அது சரி. கிட்டாரின் பிரிட்ஜ் (கம்பியைத் தாங்கும் பாகம்), டியூனர் (கம்பியை முறுக்கும் திருகு) மேல் இருப்பது மெல்லிய நிக்கல் பூச்சு. புளி பட்டால் பூச்சு போய்விடும், அடியில் இருக்கிற உலோகம் தெரியும். "இதுக்கு மட்டும் வேணாம் ஆச்சி, அழுக்கோடயே இருக்கட்டும்" என்று சொல்லி உலர்ந்த பருத்தித் துணியால் தூசியை மட்டும் தட்டினோம். பழைய கிட்டார் வாங்குகிறவர் பணம் கொடுப்பது கை படாத தன்மைக்கு. மங்கிய நிக்கலும் வார்னிஷில் ஓடும் மெல்லிய விரிசலும் அவருக்குக் குறையே இல்லை, அசல் என்பதற்குச் சாட்சி. புதிதாகப் பெயின்ட் அடித்த பழைய ஃபெண்டருக்கு, அடிக்காமல் விட்டிருந்தால் கிடைத்திருக்கும் விலையில் ஏறக்குறைய பாதிதான் என்பது சந்தையில் எல்லோரும் ஒத்துக்கொள்கிற கணக்கு. பாலிஷ் போட ஆசாரியைக் கூப்பிடாதீர்கள்.

அடுத்து, என்ன கிட்டார், எந்த ஆண்டு. கழுத்தின் நுனியில் டியூனர் இருக்கிற தலைப்பகுதியில் போட்டிருக்கும் பெயரை நம்பி நின்றுவிட வேண்டாம். ஃபெண்டர் ஸ்டிக்கர் இணையத்தில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கிறது. பின்பக்கம் கழுத்தும் உடலும் சேருமிடத்தில் திருகாணிகளோடு ஒரு தகடு இருக்கும். ஃபெண்டர் ஐம்பதுகளின் நடுப்பகுதியிலிருந்து 1976 வரை வரிசை எண்ணை அந்தத் தகட்டில்தான் அடித்தது. அதற்குப் பிறகு எண் தலைப்பகுதிக்குப் போனது. எஸ் (S) என்று தொடங்கினால் எழுபதுகள், இ (E) என்றால் எண்பதுகள், என் (N) என்றால் தொண்ணூறுகள். எம்என் (MN) என்றால் தொண்ணூறுகளில் மெக்சிகோவில் செய்தது. ஜேவி (JV) என்றால் 1982இல் தொடங்கிய ஜப்பான் ஃபெண்டரின் ஆரம்பகாலச் சரக்கு, அதற்கென்றே தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். 1965 ஜனவரியில் ஃபெண்டர் கம்பெனி சிபிஎஸ் என்ற அமெரிக்க ஒலிபரப்பு நிறுவனத்தின் கைக்குப் போனது. அதற்கு முந்தைய கிட்டாருக்கு விலை வேறு உயரத்தில் இருக்கும். கிப்சனில் 1977க்குப் பிறகு பெரும்பாலான மாடல்களில் எட்டு இலக்க எண், அதில் முதல் இலக்கமும் ஐந்தாவது இலக்கமும் சேர்ந்தால் ஆண்டு. 70108276 என்றால் 1978.

தகட்டில் எண் எதுவும் இல்லாமல் ஸ்டீல் ரீஇன்ஃபோர்ஸ்டு நெக், மேட் இன் ஜப்பான் என்று மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் அறுபதுகளின் ஜப்பான் கிட்டார். மட்டம் என்று ஒதுக்க வேண்டாம். கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்தான் பிக்கப். டெய்ஸ்கோவின் தங்கத் தகடு போட்ட பிக்கப்பை அமெரிக்க கிட்டார் கலைஞர் ரை கூடர் தன் கிட்டாரில் பொருத்திக்கொண்டதிலிருந்து அந்தப் பிக்கப்புக்கு மட்டுமே தனி மதிப்பு. எழுபதுகளில் கிப்சனை அப்படியே நகலெடுத்த ஜப்பான் கிட்டார்களை 'வழக்குக் கிட்டார்' என்று சொல்லி விலையேற்றுகிறவர்களும் உண்டு. அந்த வழக்கு 1977இல் ஐபனீஸ் கிட்டாரை அமெரிக்காவில் விற்ற கம்பெனி மேல், தலைப்பகுதியின் வடிவத்துக்காகக் கிப்சன் தரப்பு போட்டது. எல்லா ஜப்பான் நகலுக்கும் அந்தப் பெயர் பொருந்தாது.

எண்ணைவிட நான் நம்புவது உள்ளே இருப்பதை. கம்பியைத் தளர்த்திவிட்டு, சரியான அளவு ஸ்க்ரூடிரைவரால் முன்பக்கத் தகட்டைக் கழற்றி மெல்லத் திருப்புங்கள். ஒயர் இழுபடக் கூடாது. வால்யூம், டோன் குமிழ்களுக்கு அடியில் வட்டமாக ஒரு பாகம் இருக்கும், பாட் என்போம். அமெரிக்க கிட்டார் என்றால் அதன் முதுகில் பொடி எழுத்தில் எண் அடித்திருப்பார்கள். 1377633 என்று வைத்துக்கொள்ளுங்கள். 137 என்றால் பாட் செய்தது சிடிஎஸ் கம்பெனி. 304 என்றிருந்தால் ஸ்டாக்போல். அடுத்து வரும் 76 என்பது ஆண்டு, கடைசியில் வரும் 33 என்பது அந்த ஆண்டின் எத்தனையாவது வாரம் என்பது. ஆக அந்தக் கிட்டார் 1976 ஆகஸ்டுக்கு முன்னால் செய்யப்பட்டிருக்க முடியாது, பாட் மாற்றாமல் இருந்தால். பின்னால் செய்திருக்கலாம். ஃபெண்டர் 1966இல் மொத்தமாக வாங்கிய பாட்களைச் சில ஆண்டுகள் வைத்திருந்து பயன்படுத்தியது.

மாற்றினார்களா என்று தெரிய ஈயப் பற்றைப் பாருங்கள். பழைய சால்டரிங் மங்கி, சாம்பல் பூத்து, மேலே தூசி ஒட்டி இருக்கும். பளபளவென்று உருண்டையாக ஒரு பற்று இருந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள். அந்த இடத்தைப் படமெடுத்து வையுங்கள், வாங்குகிறவர் கேட்பார். நீங்களாக சால்டரிங் வைக்காதீர்கள். கழுத்தைத் திருகாணியில்லாமல் பசையால் உடலோடு ஒட்டிய கிட்டாராக இருந்தால், கிப்சன் பெரும்பாலும் அப்படித்தான், கழுத்தைப் பிரிக்கும் எண்ணமே வேண்டாம்.

போலி கிப்சன் நிறைய வருகிறது. தலையில் இருக்கும் சின்ன மூடியை இரண்டு திருகாணி பிடித்திருந்தால் நல்லது. மூன்று இருந்தால் சந்தேகப்படுங்கள். மூடியைக் கழற்றினால் உள்ளே பித்தளை நட்டு தெரிய வேண்டும், ஆலன் சாவி போடும் குழி தெரிந்தால் பெரும்பாலும் போலி. கிப்சன் கம்பெனியின் இன்னொரு பிராண்டான எபிஃபோன் என்று பெயர் போட்டதற்கு இந்தச் சோதனை செல்லாது.

மறைத்த பழுதைக் கண்டுபிடிக்க, ரூபாய் நோட்டு பார்க்கிற ஊதா டார்ச் போதும். செட்டிநாட்டு வீட்டு உள்ளறையைவிட அதற்கு வசதியான இடம் கிடையாது, பட்டப்பகலிலும் இருட்டு. பழைய அமெரிக்க நைட்ரோ வார்னிஷ் அந்த வெளிச்சத்தில் இளம்பச்சையாக மினுங்கும். பிற்பாடு பூசிய இடம் கருந்திட்டாகத் தெரியும். கழுத்தும் தலையும் சேருமிடத்தில் அப்படிக் கோடு ஓடினால் தலை உடைந்து ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம். கிப்சனில் அடிக்கடி நடப்பது. எவ்வளவு நன்றாக ஒட்டியிருந்தாலும் விலை ஏறக்குறைய பாதியாகும். அதை மறைத்து விற்காதீர்கள், தெரிந்தவர் எப்படியும் கண்டுபிடிப்பார்.

கழுத்து நேராக இருக்கிறதா என்பது விலையைத் தீர்மானிக்கிற பெரிய விஷயம். கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கோடுகள்தான் ஃப்ரெட். தடித்த கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒருசேர அழுத்துங்கள். நடுவில் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் ஒரு தாள் நுழைகிற இடைவெளி இருந்தால் நல்ல கழுத்து. நாணயம் நுழைந்தால் வளைந்திருக்கிறது. கழுத்துக்குள் ட்ரஸ் ராட் என்ற திருகிச் சரிசெய்கிற இரும்புத் தண்டு இருந்தால் சரி செய்யலாம். அறுபதுகளின் மலிவு ஜப்பான் கிட்டார் பலவற்றில் திருப்பிச் சரிசெய்கிற ராட் கிடையாது, உள்ளே வெறும் இரும்புப் பட்டைதான். நம் ஊர் வெயிலில் ஓட்டுக்கடியில் கம்பி முறுக்கோடு கிடந்திருந்தால் வளைந்துதான் இருக்கும். அது சுவரில் மாட்டுகிற விலைக்குத்தான் போகும்.

பிக்கப்புக்கு மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். ஃபெண்டரின் ஸ்ட்ராட் மாடல் மாதிரி ஒற்றைச் சுருள் பிக்கப்பில் 6 கிலோ ஓம் அளவில், ஹம்பக்கர் என்ற இரட்டைச் சுருள் பிக்கப்பில் 7இலிருந்து 9க்குள் வரும். மீட்டர் எதுவுமே காட்டாவிட்டால் உள்ளே கம்பி அறுந்திருக்கலாம். குமிழைத் திருகும்போது கரகரப்பு வந்தால் வெறும் தூசி, பயப்பட வேண்டாம். கிட்டாரோடு ஆம்ப்ளிஃபயரும் வந்திருந்தால் அவசரப்பட்டு பிளக்கில் சொருகாதீர்கள். ஜப்பானில் 100 வோல்ட், அமெரிக்காவில் 120. நம் 230 வோல்ட் ஏறினால் டிரான்ஸ்ஃபார்மர் கருகிவிடும். பின்தகட்டில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள்.

அப்புறம் பெட்டி. அசல் பெட்டி, வார், பில், அந்தக் காலத்துப் போட்டோ எல்லாமே பணம். நம் வீடுகளில் சீட்டுத் துண்டைக்கூடத் தூக்கிப் போட மாட்டார்கள், இரும்புப் பெட்டியில் தேடச் சொல்லுங்கள். தேவகோட்டை ஆச்சி வீட்டில் கொழுந்தனார் பினாங்கில் வாங்கிய பில், பழைய பேரேட்டுக்குள் மடித்து இருந்தது. பெட்டி அடியில் கரையான் இருக்கிறதா என்றும் தட்டிப் பாருங்கள்.

இப்போது விலை. இணையத்தில் ஒருவர் கேட்கிற விலை கணக்கில்லை, விற்ற விலைதான் கணக்கு. ஈபேயில் விற்றுமுடிந்தவற்றை மட்டும் காட்டும்படி தேடலாம், ரிவெர்ப் என்ற வாத்திய விற்பனைத் தளத்திலும் பழைய விற்பனை விலைகள் கிடைக்கும். அதே மாடல், அதே ஆண்டு, அதே நிலைமையில் சில விற்பனைகளை எடுத்து, மிக அதிகம் போனதையும் மிகக் குறைவாகப் போனதையும் தள்ளுங்கள். மிச்சம் 400 டாலர் அளவில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது வேலை செய்கிற கிட்டாரின் விலை. உங்களுடையதில் பழுதுக்கூலி, தளத்தின் கமிஷன், அனுப்பும் செலவு எல்லாம் கழித்தால் எவ்வளவு மிஞ்சுகிறதோ அதுதான் உங்கள் விலை. கடைக்காரருக்கே விற்றால் அவர் விற்கப்போகிற விலையில் பாதியிலிருந்து அறுபது சதவீதம் வரை கொடுப்பார். அவர் வாடகை கட்ட வேண்டும், நியாயம்தான். கிவ்சனுக்கு இந்த டாலர் கணக்கு ஓடாது. உள்ளூரில் இன்னொரு கிவ்சன் என்ன விலைக்குப் போனது என்று வாசிக்கிறவர்களிடம் விசாரியுங்கள்.

உண்மையிலேயே பழைய ஃபெண்டர், கிப்சன் என்று தோன்றினால் உள்ளூரில் விலை பேசவே வேண்டாம். அமெரிக்காவின் நாஷ்வில்லில் 1970 முதல் நடக்கும் கிரூன் கிட்டார்ஸ் மாதிரி இடங்களில் கட்டணம் வாங்கிக்கொண்டு மதிப்பிட்டுத் தருகிறார்கள். அந்தச் செலவு வீண் போகாது.

வெளிநாட்டுக்கு விற்கத் தடை உண்டா என்று கேட்கிறார்கள். தொல்பொருள் சட்டத்தின் கணக்கு நூறு ஆண்டு. எலக்ட்ரிக் கிட்டார் கடைக்கு வந்ததே 1930களின் தொடக்கத்தில்தான். பார்க்க வேண்டியது மரம். விரல்பலகை பிரேசில் ரோஸ்வுட் என்றால் அது 1992 முதல், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் மிகக் கடுமையான பட்டியலில் இருக்கிறது, அனுமதிச் சீட்டு இல்லாமல் எல்லை தாண்டாது. ஃபெண்டர் ஐம்பதுகளின் கடைசியிலிருந்து அறுபதுகளின் நடுப்பகுதி வரை அந்த மரத்தைப் போட்டது. அப்படிப்பட்ட கிட்டாரை இந்தியாவுக்குள்ளேயே விற்பது தொல்லையில்லாதது. மற்ற ரோஸ்வுட் வாத்தியங்களுக்கு 2019இல் விலக்கு வந்துவிட்டது.

வாங்குகிறவர் வீட்டுக்கு வருவதற்கு முன்னால் படங்களை எடுத்து முடித்துவிடுங்கள்: முன், பின், தலை, கழுத்துத் தகடு, பாட் எண், ஒவ்வொரு காயமும். முற்றத்தில் காலை வெளிச்சம் நன்றாக வரும், ஃபிளாஷ் வேண்டாம். உங்கள் கடைசி விலையை ஒரு தாளில் எழுதிப் பங்காளிகள் எல்லோரிடமும் முன்கூட்டியே காட்டிச் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். வந்தவர் முன்னால் ஆளுக்கொரு விலை சொன்னால் பேரம் அங்கேயே முடிந்துவிடும்.