பிள்ளைகளுக்காக ஒரு ஊட்டி ரயில் பக்கம்: செய்வது எப்படி?

சுற்றுலா இணையதளம் எதைத் திறந்தாலும் ஹோட்டலும் கட்டணமும்தான் முன்னால் வருகின்றன. ஊருக்குப் போகப்போகிறோம் என்று துள்ளுகிற பிள்ளைக்கு அங்கே ஒன்றுமே இல்லை. அவர்களுக்கென்று ஒரு பக்கம் செய்வோம், வாருங்கள். மேட்டுப்பாளையம் – ஊட்டி மலை ரயிலை எடுத்துக்கொள்கிறேன்.

1. முதலில் பிள்ளைகளின் கேள்விகளை எழுதுங்கள். "ரயில் எப்படி மலை ஏறும்? வழுக்காதா? எத்தனை குகை வரும்?" இவைதான் உங்கள் மெனு. 2005-இல் யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைத்ததெல்லாம் கீழே ஒரு வரியில் இருந்தால் போதும்.

2. அடுத்து, பாதையைப் பேப்பரில் வரையுங்கள். 46 கிலோமீட்டர், 16 சுரங்கம், 250 பாலம். இதைப் பத்தியாக எழுதினால் எந்தப் பிள்ளையும் படிக்காது. விரலால் இழுத்தால் ரயில் ஓடட்டும். சுரங்கத்துக்குள் நுழைந்ததும் திரை இருட்டாகட்டும். கல்லாறு நிலையம் வந்ததும் நிறுத்துங்கள். அங்கிருந்து குன்னூர் வரை தண்டவாளங்களுக்கு நடுவே பல் வெட்டிய இரும்புச் சட்டங்கள் உண்டு. எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வித்தான் ஏறுகிறது. திரையில் பிள்ளை சக்கரத்தைச் சுற்ற, ஒவ்வொரு பல்லாக மாட்டி ரயில் நகர வேண்டும். இதற்கு ஒரு வாரம் ஆனாலும் செலவிடுங்கள். பக்கத்தின் உயிரே இதுதான்.

3. அப்புறம் பட்டன்கள். பெரியவர்களுக்கே தொடுமிடம் 48 பிக்சலாவது வேண்டும் என்கிறது கூகுளின் வழிகாட்டுதல். பிள்ளைகளுக்கு இன்னும் பெரிதாக வையுங்கள். என் அக்கா மகளுக்கு ஆறு வயது. எஞ்சின் படத்தின் புகைபோக்கியையே திரும்பத் திரும்பத் தொட்டாள். கீழே நான் வைத்திருந்த 'மேலும் படிக்க' அவள் கண்ணில் படவே இல்லை. அன்றைக்கே முழுப் படத்தையும் லிங்க் ஆக்கினேன்.

4. எழுத்து 20 பிக்சல், வரிகளுக்கு நடுவே தாராளமான இடைவெளி. இல்லையென்றால் மேல்வரியின் 'கு', 'ழு' கீழ்வரிப் புள்ளிகளோடு முட்டும். வாசித்துக்காட்ட ஒரு ஒலிப் பட்டன் வையுங்கள். தொடாமல் சத்தம் வரக்கூடாது.

5. பெயர், வயது எதுவும் கேட்காதீர்கள். 18 வயதுக்குட்பட்டவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது இந்தியாவின் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம். விளம்பரமும் வேண்டாம். டிக்கெட் லிங்க் பெற்றோர் பக்கத்தில் இருக்கட்டும்.

6. சரி, இனி போனை ஒரு பிள்ளையிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். "இங்கே தொடு" என்று வாய்வரை வரும், சொல்லாதீர்கள். விரல் தயங்கும் இடத்தையெல்லாம் குறித்துக்கொண்டு, அங்கிருந்து திருத்த ஆரம்பியுங்கள்.