அரைக் கிலோ எங்கே போனது? பைத்தானில் எண்களை முழு எண்ணாக்கும் முன் ஒரு சோதனை

கோத்தகிரிப் பக்கம் எங்கள் ஊரில் தேயிலைக் கொழுந்து எடைபோட்டுச் சிட்டை கொடுக்க பைத்தான் என்ற கணினி மொழியில் ஒரு சின்ன நிரல் எழுதினேன். பக்கத்துத் தோட்டத்து அக்கா கொண்டுவந்தது 12.5 கிலோ, சிட்டையில் வந்தது 12. அவருக்கு அடுத்து நின்றவரின் 13.5 கிலோ 14 ஆகிவிட்டது. "எனக்கு மட்டும் ஏன் தம்பி குறையுது?" என்று அக்கா கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. நான் படித்த கையேட்டில், எண்ணை முழு எண்ணாக்கும் ரவுண்ட் கட்டளை அரையை எப்போதும் மேலே ஏற்றும் என்றுதான் இருந்தது.

அது சரியா என்று நீங்களே பார்த்துவிடுங்கள். கட்டளைகளை இங்கே தமிழில் தருகிறேன், தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும்.

படி 1: பைத்தான் 3-ஐத் திறந்து இவற்றை ஒவ்வொன்றாகத் தட்டுங்கள்.

ரவுண்ட்(12.5) → 12
ரவுண்ட்(13.5) → 14
ரவுண்ட்(14.5) → 14

சரிபாதியில் நிற்கும் எண், பக்கத்திலிருக்கும் இரட்டைப்படை எண்ணுக்குப் போகிறது. எப்போதும் மேலேயே ஏற்றினால் கூட்டுத்தொகை கொஞ்சம் கொஞ்சமாக வீங்கிவிடும், அதைத் தவிர்க்கத்தான் இந்த ஏற்பாடு. பைத்தான் 2-இல் ரவுண்ட்(12.5) என்றால் 13.0 வரும். கையேடு சொன்னது அந்தக் காலத்துக்குப் பொருந்தும். 2008-இல் பைத்தான் 3 வந்தபோதே இது மாறிவிட்டது.

படி 2: எண்ணைத் தசமம் இல்லாமல் எழுதிக் காட்ட ஃபார்மட்(12.5, '.0எஃப்') என்று தட்டுங்கள். இதிலும் 12தான்.

படி 3: இரண்டு தசம இடத்துக்கு ரவுண்ட்(2.675, 2) என்று தட்டினால் 2.67 வரும். இங்கேதான் நான் வெகுநேரம் குழம்பினேன். இரட்டைப்படை விதிப்படி 2.68 அல்லவா வர வேண்டும்? காரணம் வேறு. கணினி எண்களை இரண்டடிமானத்தில், அதாவது 0, 1 மட்டும் கொண்டு வைத்துக்கொள்கிறது, அதில் 2.675-ஐத் துல்லியமாக எழுத முடியாது. உள்ளே இருப்பது 2.67499999... என்ற எண். அது பாதிக்குக் கீழே இருப்பதால் கீழே இறங்குகிறது.

படி 4: சிட்டைக்கு, எண்களை நாம் எழுதும் தசம வடிவிலேயே வைத்துக்கொள்ளும் டெசிமல் தொகுதியைப் பயன்படுத்துங்கள். அதிலிருந்து டெசிமல், அரையை மேலே ஏற்றச் சொல்லும் ரவுண்ட்_ஹாஃப்_அப் இரண்டையும் இறக்குமதி செய்துவிட்டு,

டெசிமல்('12.5').குவான்டைஸ்(டெசிமல்('1'), ரவுண்ட்_ஹாஃப்_அப்) → 13

எண்ணைச் சுற்றியுள்ள மேற்கோள் குறியை விட்டுவிடாதீர்கள். டெசிமல்(2.675) என்று வெறுமனே கொடுத்தால் அந்த 2.67499 அப்படியே உள்ளே வந்துவிடும்.

அப்புறம், தராசு காட்டிய எடையை அழிக்காமல் தனி நெடுவரிசையில் வையுங்கள். அது இருந்ததால்தான் அக்காவின் பழைய சிட்டைகளைத் திரும்பப் போட்டு, விட்டுப்போன அரைக் கிலோக்களைச் சேர்த்துக் கொடுக்க முடிந்தது. கையேட்டை எழுதியவருக்கும் படி 1-இல் உள்ள மூன்று வரிகளை அனுப்பியிருக்கிறேன்.