பத்தாம் வகுப்பிலிருந்து தொடங்கும் பள்ளி மேம்பாடு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கற்பித்தலை மேம்படுத்த வேண்டும் என்ற பேச்சு ஒரு பள்ளியில் எழுந்தால், அது பெரும்பாலும் சனவரி மாதத்தில், பத்தாம் வகுப்பைப் பற்றித்தான் எழுகிறது. அரையாண்டுத் தேர்வில் 35 மதிப்பெண்ணைத் தொடாதவர்களைத் தனியே பிரித்து, 'மெல்ல மலரும் மாணவர்கள்' என்று பெயரிட்டு, இருட்டும் வரை ஒரு மதிப்பெண் வினாக்களை மனப்பாடம் செய்ய வைக்கிறோம். தேர்ச்சி விழுக்காடு சற்று உயரவும் செய்யும். ஆனால் அடுத்த சனவரியில் அதே அறையில் வேறு முப்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஏனெனில் அவர்கள் தடுக்கி விழுந்த இடம் ஆறாம், ஏழாம் வகுப்புகளில் இருக்கிறது, அங்கே யாரும் போய்ப் பார்க்கவில்லை. மற்ற தவறுகள் பலவும் இந்த ஒன்றிலிருந்தே கிளைக்கின்றன.

கடலூர்க் கடலோரத்துப் பள்ளி ஒன்றில், கணித ஆசிரியர்கள் மூவர் சேர்ந்து எட்டாம் வகுப்பு விடைத்தாள் கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தோம். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்ன கணக்குக்குப் பலர் ஐந்தில் இரண்டு என்று எழுதியிருந்தனர். திருத்தியவர் சிவப்பு மையில் சுழித்திருந்தார், அவ்வளவுதான். ஒரு மாணவனை அழைத்துக் கேட்டபோது, "மேல இருக்கறத மேல கூட்டினேன், கீழ இருக்கறத கீழ கூட்டினேன் சார்" என்றான். பண்ருட்டிப் பலாப்பழத்தில் பாதி உன்னிடம் இருக்கிறது, இன்னொரு பழத்தில் மூன்றில் ஒரு பங்கும் கிடைக்கிறது, இரண்டும் சேர்ந்தால் பாதியைவிடக் குறைந்துவிடுமா என்று கேட்டோம். தாளைச் சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு, விடையைத் தானே அடித்தான். அவனிடம் இருந்தது கவனக்குறைவு அன்று. ஒரு விதி, தவறான விதி. பத்தாம் வகுப்பில் விகிதமுறு கோவைகளை, அதாவது x போன்ற எழுத்துகள் கொண்ட பின்னங்களை, கூட்டச் சொன்னாலும் இதே விதியைத்தான் அவன் கையில் எடுப்பான். மாலைநேரச் சிறப்பு வகுப்பு அதை எட்டவே எட்டாது.

ஆகவே, விடைத்தாளைத் திருத்தி மதிப்பெண் பட்டியலை ஏற்றியதும் வேலை முடிந்தது என்று கருதுவது இரண்டாவது தவறு. இஸ்ரேலில் ரூத் பட்லர் 1988-இல் வெளியிட்ட ஆய்வில், கருத்துரை மட்டும் எழுதித் தரப்பட்ட மாணவர்கள் அடுத்த பணியில் முன்னேறினர். கருத்துரையோடு மதிப்பெண்ணும் பெற்றவர்களோ, மதிப்பெண் மட்டும் பெற்றவர்களைப் போலவே நின்றுவிட்டனர். எண்ணைப் பார்த்ததும் தாளை மடித்துப் பைக்குள் செருகும் பிள்ளைகளைத் தினமும் பார்க்கும் நமக்கு இது வியப்பாக இராது.

தலைமையாசிரியர் படிவத்தோடு கடைசி பெஞ்சில் அமர்ந்து வகுப்பை நோக்குவது தேவைதான். ஆனால் அது தணிக்கையாக மாறிவிட்டால், அன்றைக்கு மட்டும் ஒத்திகை பார்த்த பாடம் அரங்கேறுகிறது; துணைக்கருவிகள் பீரோவிலிருந்து இறங்கி, மாலையில் பீரோவுக்கே திரும்புகின்றன. முன்கூட்டியே பேசிவைத்த ஒரே ஒரு செய்தியைச் சக ஆசிரியர் ஒருவர் வந்து பார்த்துச் சொல்வது இதைவிட எவ்வளவோ பயனுள்ளது. கேள்வி கேட்டபின் நாம் எத்தனை நொடி காத்திருக்கிறோம் என்பதையே எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் கவனித்தபோது, ஆசிரியர்கள் ஏறத்தாழ ஒரு நொடிதான் பொறுத்திருந்தனர்; அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டியபோது விடைகள் நீளமாயின, பதிலில்லாத மௌனம் குறைந்தது. நம் வகுப்புகளில் "புரிஞ்சுதா?" என்று கேட்டு முடிக்கும் முன்பே "புரிஞ்சுது சார்" என்று முழு வகுப்பும் பாடிவிடுகிறது. அந்தக் கோரஸை நம்புவதை நான் விடுவதற்கே பல ஆண்டுகள் ஆயின.

பாடத்திட்டம் மாறினால் கற்பித்தலும் மாறிவிடும் என்று எண்ணுவதும் பிழையே. தமிழ்நாட்டில் 2018 முதல் புதிய பாடநூல்கள் வந்தன. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் அண்மையில் சி.பி.எஸ்.இ.க்கு மாறின. நூல் எதுவானாலும் "மேல மேல, கீழ கீழ" என்ற விதி மாணவனின் தலைக்குள் அப்படியே இருக்கும். ஸ்மார்ட் போர்டைப் பற்றியும் இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

எங்கள் பகுதிக்கே உரிய தவறு ஒன்று உண்டு: மழையை மறந்து சூன் மாதத்தில் திட்டம் போடுவது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை எத்தனை நாளைக் கொண்டுபோகும் என்று யாராலும் சொல்ல முடியாது. 2015 வெள்ளத்தின்போது அரையாண்டுத் தேர்வே அடுத்த சனவரிக்குத் தள்ளிப்போயிற்று. எனவே கீழ் வகுப்புகளின் அடிப்படைக் குறைகளைக் களையும் பணியைச் செப்டம்பர் காலாண்டுத் தேர்வுக்குள் பாதியாவது முடித்துவிட வேண்டும். விடைத்தாள்களைச் சேர்ந்து பார்ப்பதற்கென வாரம் ஒரு பாடவேளையைக் கால அட்டவணையிலேயே எழுதி, யார் விடுப்பு எடுத்தாலும் அந்த நேரத்தில் அந்த ஆசிரியர்களை மாற்றுப் பணிக்கு அனுப்புவதில்லை என்று தலைமையாசிரியர் உறுதியாக நிற்க வேண்டும். பெரும்பாலான பள்ளிகளில் இம்முயற்சி மூன்றாவது வாரத்தில் நின்றுபோவது இந்த மாற்றுப் பணியால்தான்.