மாட வீதியில் மார்கழிக் காலை: நேரில் உட்கார்ந்து வரைவதற்குச் சில வழிமுறைகள்

சென்னை மயிலாப்பூரில் கபாலீசுவரர் கோவிலைச் சுற்றியுள்ள மாட வீதியை வரைய உட்காருகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் கோபுரத்தில்தான் கை வைக்கிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு, வண்டியில் வந்து இறங்கும் கரும்புக் கட்டுகளை வரைவதற்கென்றே போன நான், பின்னால் தெரிந்த கோபுரத்தின் நிலைகளை எண்ணி, சுதைப் பொம்மைகளை ஒவ்வொன்றாகக் கோட்டில் கொண்டுவந்துவிட்டு நிமிர்ந்தபோது, கரும்பு பாதிக்கு மேல் விற்றுப்போய் வண்டியும் கிளம்பியிருந்தது. ஏறத்தாழ 120 அடி உயரமுள்ள கிழக்குக் கோபுரம் மறுநாளும் அங்கேதான் நிற்கும். ஆகவே, எது முதலில் கலையுமோ அதை முதலில் வரைய வேண்டும். கீழே சொல்வதெல்லாம் இந்த ஒன்றிலிருந்து கிளைப்பவைதான்.

கருவிகள் குறைவாக இருப்பது நல்லது. ஏ5 அளவுள்ள நோட்டு ஒன்று போதும். அதன் தாள் 200 ஜிஎஸ்எம்முக்குக் (ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை) குறையாமல் இருக்கட்டும். பள்ளி நோட்டுத் தாளில் நீர்வண்ணம் இட்டால் அது அப்பளம் போல நெளிந்துவிடும். பேனாவின் மை நீரில் கரையாததா என்பதை வீட்டிலேயே ஒரு கோடு இழுத்து, உலர்ந்தபின் ஈரத் தூரிகையால் தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு வண்ணக் கட்டிகள் கொண்ட சிறு பெட்டி, எட்டாம் எண் தூரிகை ஒன்று, தண்ணீர், பழைய வேட்டித் துணி, ஒரு துண்டு மெழுகுவத்தி ஆகியவற்றுக்கு மேல் எதுவும் வேண்டாம். மெழுகுவத்தி எதற்கென்று பிறகு சொல்கிறேன்.

டிசம்பர் நடுவில் மார்கழி பிறக்கிறது. அந்த நாட்களில் சென்னையில் சூரியன் உதிக்க ஏறத்தாழ ஆறரை மணி ஆகும். ஐந்தே முக்காலுக்கெல்லாம் இடம்பிடித்து உட்கார்ந்துவிட்டால் தெருவிளக்கின் ஒளியும் விடியலின் ஒளியும் கலக்கும் அரைமணி நேரம் உங்களுக்குக் கிடைக்கும். உட்கார்ந்தவுடன் வரையத் தொடங்காமல் ஐந்து நிமிடம் சும்மா பாருங்கள். கண்முன் இருப்பவற்றில் எது ஒரே ஒருமுறை கடந்து போகும், எது திரும்பத் திரும்ப நிகழும், எது அசையாமல் இருக்கும் என்று மனத்துக்குள் பிரித்துக்கொள்ள அந்த ஐந்து நிமிடம் போதுமானது.

கடந்து போவதற்குச் சரியான எடுத்துக்காட்டு, கர்நாடக இசைப் பாடலாசிரியர் பாபநாசம் சிவன் முன்னின்று நடத்திய மரபில் மார்கழி விடியலில் மாட வீதிகளைச் சுற்றிவரும் பஜனை கோஷ்டி. அதற்காக ஒரு தாளை வெறுமையாக வைத்திருங்கள். முகங்களைத் தேடாமல், முன்னால் வருபவரையும் கடைசியில் வருபவரையும் மட்டும் உருவமாக இட்டு, நடுவில் இருப்பவர்களைத் தலைகளின் ஏற்ற இறக்கமாக ஒரே கோட்டில் இழுத்துவிடுங்கள். அவர்கள் தெருமுனை திரும்புவதற்குள் அது முடிந்திருக்க வேண்டும்.

பூ கட்டுகிறவரை வரைய இந்த அவசரம் தேவையில்லை. அவர் கை பூவை எடுக்கும், நாரில் வைக்கும், சுற்றும், இழுக்கும். சில விநாடிகளில் மறுபடியும் பூவை எடுக்கும். நாரை இழுக்கும் நிலையை மட்டும் தேர்ந்துகொண்டு, கை அந்த நிலைக்கு வரும்போதெல்லாம் தாளில் ஒரு கோட்டைச் சேருங்கள். மற்ற நேரத்தில் கூடையையும் தோளையும் வரையுங்கள். டீ ஆற்றுகிறவரையும் இப்படித் தவணை முறையில்தான் பிடிக்க முடியும். அவர் ஒருமுறை கையை உயர்த்தும்போதே முழு உருவத்தையும் முடித்துவிடப் பார்த்தால் கை ஓரிடத்திலும் உடல் வேறிடத்திலும் நிற்கும்.

கோலம் இந்த இரண்டிலும் சேர்வது. கோலம் போடுகிறவரின் அசைவுகள் திரும்பத் திரும்ப வரும், ஆனால் கால்மணி நேரத்தில் அவர் எழுந்து உள்ளே போய்விடுவார். எட்டு மணிக்குள் இருசக்கர வண்டிகள் கோலத்தின் மேல் ஏறிவிடும். குனிந்து கோலமிடும் உடல், கவிழ்த்து வைத்த ‘ட’ எழுத்தைப் போன்றது. குதிகாலிலிருந்து இடுப்புவரை ஒரு கோடு, இடுப்பிலிருந்து பிடரிவரை ஒரு கோடு, தோளிலிருந்து தூக்குக்குண்டு போல நேராகத் தொங்கும் வலக்கை, கோலமாவுக் கிண்ணத்தை ஏந்திய இடக்கை. தலை முதுகுக்குக் கீழே இருக்கும் என்பதைப் புதிதாக வரைகிறவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். கோலத்தையும் மேலிருந்து பார்ப்பதுபோல வட்டமாக வரையாதீர்கள். நீங்கள் உட்கார்ந்திருக்கும் உயரத்திலிருந்து அது தட்டையான முட்டை வடிவமாகத்தான் தெரியும், புள்ளி வரிசைகளும் தள்ளிப் போகப்போக நெருங்கும்.

வெள்ளைக் கோடுகளுக்குத்தான் அந்த மெழுகுவத்தி. அதன் முனையைக் கூராகச் சீவி, வெற்றுத் தாளில் கோலக் கோடுகளை அழுத்தி இழுத்துவிட்டு, நீலமும் பழுப்பும் கலந்த சாம்பல் நிறத்தை மேலே பூசினால் மெழுகு இருக்குமிடத்தில் வண்ணம் ஒட்டாமல் கோலம் வெள்ளையாக மிஞ்சும். தண்ணீர் தெளித்த தரை உலர்ந்த சாலையைவிட அடர்ந்த நிறமுடையது. அந்தக் கருமையைத் துணிந்து பூசினால்தான் கோலம் எடுத்துக்காட்டும். நடுவில் சாணத்தில் செருகிய பரங்கிப்பூவின் மஞ்சள், தாள் நன்றாக உலர்ந்த பிறகு, கடைசியில் வரட்டும். மார்கழிப் பனியில் தாள் உலர நேரம் பிடிக்கும், பொறுத்திருங்கள்.

நிழலும் கலைந்துபோகும் பொருள்தான். டிசம்பரில் சூரியன் தென்கிழக்கில் எழுவதால் காலை நிழல்கள் வடமேற்காக நீண்டு விழும். உட்கார்ந்ததும் நிழலின் விளிம்பைப் பென்சிலால் குறித்துக்கொண்டு, அதன்பின் அது நகர்ந்தாலும் துரத்தாதீர்கள். குளக்கரையின் மேற்குப் பக்கத்திலிருந்து பார்த்தால் காலையில் கோவில் முழுவதும் பின்னாலிருந்து வரும் ஒளியில் ஒரே கருநீல உருவமாக நிற்கும். சுதை வேலைப்பாடு வேண்டுமென்றால் மாலையில்தான் அங்கே போக வேண்டும். இதே தெருமூலையை ஏப்ரல் கடைசியில் உச்சிவேளையில் வரைந்து பாருங்கள். அப்போது சூரியன் சென்னைக்கு ஏறக்குறைய நேர்மேலே வருவதால் ஆட்களின் நிழல் அவரவர் காலடியிலேயே சுருண்டு கிடக்கும். நவராத்திரிக்கு முன் வடக்கு மாட வீதியில் கொலு பொம்மைகள் வந்து இறங்கும்போது ஒருமுறை, ஐப்பசி மழையில் நீலத் தார்ப்பாய்களின் கீழே ஒருமுறை என்று ஒரே மூலைக்குப் போய்க்கொண்டிருங்கள். ஊர் ஊராக அலைவதைவிட இது அதிகம் கற்றுத்தரும் என்பது என் அனுபவம்.

கடை வாசலை மறைத்து உட்காராமல், வரையப்படுகிறவரிடம் வரையலாமா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, முடிந்ததும் அவரிடமே காட்டிவிட்டு எழுங்கள். பூக்கார அம்மா ஒருவர் என் நோட்டைப் பார்த்துவிட்டு, “என் மூக்கு இவ்ளோ பெரிசாப்பா?” என்றார். அன்றிலிருந்து மூக்குக்குக் கூடுதலாக ஒரு நிமிடம் ஒதுக்குகிறேன்.

ஆனந்த விகடனுக்காகக் கோவில் கோவிலாகச் சென்று, சிற்பங்களின் முன் உட்கார்ந்தே வரைந்தவர் ஓவியர் சில்பி. அவர் வரைந்தது கல்; அது அவருக்காகக் காத்திருந்தது. கரும்பு வண்டி அப்படிக் காத்திருக்காது. அமெரிக்காவின் சியாட்டிலில் பத்திரிகை ஓவியராக இருந்த கேப்ரியல் காம்பனாரியோ 2007இல் தொடங்கிய, நேரில் உட்கார்ந்து வரைகிறவர்களின் ‘அர்பன் ஸ்கெச்சர்ஸ்’ அமைப்பு, இத்தகைய ஓவியங்களைக் காலத்துக்கும் இடத்துக்குமான பதிவு என்று தன் கொள்கை அறிக்கையில் சொல்கிறது. அதனால் தேதி, மணி, நின்ற இடம், கதம்பத்தின் அன்றைய முழ விலை ஆகியவற்றைத் தாளின் ஓரத்தில் எழுதிவையுங்கள். வரைந்துகொண்டிருக்கும்போதே வண்டி கிளம்பிவிட்டால் அதைப் பாதியாகவே விட்டுவிடுங்கள். வீட்டுக்கு வந்து கைபேசிப் படத்தைப் பார்த்து வரைந்து சேர்த்த சக்கரம் மட்டும், எத்தனை சரியாக இருந்தாலும், அந்தத் தாளில் ஒட்டாமல் தனியே தெரியும்.