மாசச் சாமானில் கூப்பன் எங்கே செல்லும், எங்கே செல்லாது

போன வருஷம் ஒரு ஆப்பில் 499 ரூபாய்க்கு மேல் வாங்கினால் 100 ரூபாய் குறையும் என்று ஒரு கூப்பன் வந்தது. நான் வாங்க நினைத்தது 380 ரூபாய்ச் சாமான்தான்: பாசிப்பருப்பு, ஓட்ஸ், முட்டை, கொஞ்சம் பூண்டு. 499-ஐத் தாண்ட வேண்டுமே என்று ஒரு சிப்ஸ் பாக்கெட்டும் ஒரு ஜூஸ் டப்பாவும் சேர்த்தேன், அது 120. நூறு கழிந்து 400 ஆனது, அப்புறம் டெலிவரி அது இது என்று 30 ஏறி 430 கட்டினேன். அம்மா பில்லைப் பார்த்துவிட்டு, "முன்னூத்தி எம்பது ரூவா சாமானுக்கு நானூத்தி முப்பது குடுத்திருக்க, இதுக்குப் பேரு தள்ளுபடியாடா?" என்று கேட்டார். அன்றைக்கே ஒரு நோட்டு போட்டேன்.

அந்த நோட்டில் பெரிதாக ஒன்றும் கிடையாது. மாசாமாசம் வாங்கும் இருபது சாமானின் பெயரும், கடைசியாக வாங்கியபோது கிலோ அல்லது லிட்டர் என்ன விலை, எந்தக் கடை என்பதும்தான். பருப்பு, மல்லி, வத்தல் விலைக்கு எங்கள் மதுரையின் கீழமாசி வீதி மொத்தக் கடைகளில் ஒருமுறை நடந்து கேட்டு எழுதிக்கொண்டேன், காய்கறிக்கு உழவர் சந்தைப் பலகை. கூப்பன் ஒன்று வந்தால், எல்லாக் கட்டணமும் சேர்த்துக் கடைசியாக எவ்வளவு கட்டுகிறோம் என்று பார்த்து, அதை இந்த நோட்டோடு ஒப்பிடுங்கள். எம்.ஆர்.பி.யை அடித்துவிட்டுப் பக்கத்தில் பச்சை எழுத்தில் ஒரு விலை போடுவார்கள், அந்த அடித்த எம்.ஆர்.பி.யோடு ஒப்பிட்டால் எல்லாமே லாபமாகத்தான் தெரியும்.

கொஞ்சநாள் கவனித்தால் ஒரு விஷயம் பிடிபடும். பெரிய பெரிய கூப்பன் எல்லாம் பிஸ்கட், நூடுல்ஸ், கூல்டிரிங்ஸுக்குத்தான் வரும், கீரைக்கு வராது. கம்பெனிச் சரக்கில் தள்ளுபடி கொடுக்கிற அளவுக்கு லாபம் ஒளிந்திருக்கிறது, ஒரு கட்டு அரைக்கீரையில் அதற்கு இடம் எங்கே இருக்கிறது? அதனால் காய்கறியையும் கீரையையும் கூப்பன் கணக்கிலிருந்தே எடுத்துவிடுங்கள். உழவர் சந்தைத் திட்டம் 1999 நவம்பர் 14-ல் நம் மதுரை அண்ணா நகரில்தான் தொடங்கியது. சொக்கிகுளத்திலும் பழங்காநத்தத்திலும்கூட இருக்கிறது. மொத்த விலையைவிட 20 சதவீதம் கூடுதலாக, சில்லறை விலையைவிட 15 சதவீதம் குறைவாக விலை வைப்பது என்பதுதான் அங்கே அடிப்படை, அன்றன்றைய விலை பலகையில் எழுதியிருக்கும். இந்த 15 சதவீதத்துக்குக் குறைந்தபட்ச ஆர்டர் கிடையாது, கடைசித் தேதி கிடையாது, ஒரு கட்டுக் கீரை வாங்கினாலும் கிடைக்கும். விடிந்ததும் போனால் நல்ல காய். கடை கட்டும் நேரம் போனால் விலை இறங்கும், கீரை வாடியிருக்கும். தக்காளி, பூசணிக்கு நான் தாமதமாகவே போவேன், கீரைக்கு மட்டும் காலையில். ஆப்பில் எப்போதாவது ஒரு ரூபாய்க்கு வெங்காயம் போடுவார்கள், வேறு சாமானுக்கு எப்படியும் ஆர்டர் போடுகிறீர்கள் என்றால் அதை விடாதீர்கள், அதற்காகவே ஆர்டர் போட வேண்டாம்.

சரி, கூப்பன் எதற்குத்தான் உதவும்? ஓட்ஸ், பாதாம், பன்னீர், தயிர், சமையல் எண்ணெய், முட்டை, வீட்டுக்கு வேண்டிய சோப்பு. இவற்றில் முதலில் கூப்பனைப் படியுங்கள். "40% தள்ளுபடி" என்று கொட்டை எழுத்தில் இருக்கும், கீழே பொடி எழுத்தில் "அதிகபட்சம் 120 ரூபாய்" என்று இருக்கும். அப்படியென்றால் 300 ரூபாய்க்கு வாங்கும்போதே முழுத் தள்ளுபடியும் கிடைத்துவிட்டது, 600-க்கு வாங்கினால் அதே கூப்பன் வெறும் 20% ஆகிவிடும். ஆகவே 300-ஐ ஒட்டி நிறுத்திவிட்டு மீதியை வீட்டில் இன்னொருவர் போனில் வாங்குவது எங்கள் வழக்கம். டெலிவரி கட்டணம் இரண்டு முறை விழுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கடையின் சொந்தச் சலுகை, கூப்பன் கோடு, பேங்க் கார்டு தள்ளுபடி மூன்றும் சில சமயம் ஒன்றின்மேல் ஒன்று ஏறும், சில சமயம் ஒன்றைப் போட்டால் மற்றது கழன்றுவிடும், இரண்டு விதமாகவும் போட்டுப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

பெரிய பாக்கெட் மலிவு என்றும் நம்பிவிடக் கூடாது. பாக்கெட்டில் எம்.ஆர்.பி. பக்கத்திலேயே ஒரு கிராம் என்ன விலை என்று சின்னதாகப் போட்டிருப்பார்கள், ஒரு கிலோவுக்கு மேல் என்றால் கிலோ விலை. 200 கிராம் பாதாமையும் 500 கிராம் பாதாமையும் அதை வைத்து ஒப்பிட்டால் பல நேரம் கூப்பன் ஒட்டிய பெரிய பாக்கெட்தான் தோற்கும். பாதாமுக்குப் பதில் வறுத்த நிலக்கடலை போதும் என்பவர்களுக்கு இந்தக் கணக்கே தேவையில்லை, நான் அந்தக் கட்சி.

"மல்டிகிரெய்ன்", "ஹெல்தி" என்று அட்டையில் எழுதியதற்கு வரும் கூப்பனில் ஜாக்கிரதை. பாக்கெட்டைத் திருப்பிச் சேர்மானப் பட்டியலைப் பாருங்கள், எது எடையில் அதிகமோ அதுதான் முதலில் இருக்கும். முதல் பெயர் மைதா, அடுத்தது சர்க்கரை என்றால் அது பிஸ்கட், அவ்வளவுதான். தானியம் வேண்டுமென்றால் பேரையூர், டி.கல்லுப்பட்டி பக்கமே குதிரைவாலி விளைகிறது. கேழ்வரகும் கம்பும் சில்லறையாக வாங்கிக் கழுவிக் காயவைத்து மில்லில் அரைத்துக்கொண்டால், கூப்பன் போட்ட மாவு பாக்கெட்டைவிடப் பெரும்பாலும் குறைவாகவே முடிகிறது. என்ன, மொட்டை மாடியில் காக்காயோடு மல்லுக்கட்ட வேண்டும்.

பருப்பில் இன்னொரு கணக்கு இருக்கிறது. 2022 ஜூலை 18-லிருந்து பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டிய பருப்பு, அரிசி, மாவுக்கு 5% ஜி.எஸ்.டி. வந்தது, சில்லறையாக நிறுத்துக் கொடுப்பதற்குக் கிடையாது. பாக்கெட் துவரம் பருப்புக்கு 5% கூப்பன் கொடுத்தால் கிட்டத்தட்ட அந்த வரி திரும்பி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதெல்லாம் போக, ரேஷன் கார்டு இருக்கும்போது முதலில் அதைப் பயன்படுத்துங்கள். கிலோ 30 ரூபாய்க்குத் துவரம் பருப்பு தருகிற கூப்பனை நான் இதுவரை பார்த்ததில்லை. பருப்பு வரும் நாளைக் கடையில் கேட்டு வைத்துக்கொண்டு போனால் போதும். மீதிப் பருப்புக்குத்தான் கீழமாசி வீதி, அதுவும் பக்கத்து வீட்டுக்காரரோடு பங்கு போட்டு ஐந்து கிலோவாக வாங்கினால் நல்லது.

வாட்ஸ்அப்பில் வரும் 'ஆயிரம் ரூபாய் மளிகைக் கூப்பன்' லிங்கைத் தொடவே தொடாதீர்கள். பத்து குரூப்புக்கு அனுப்பு என்றாலோ, பணம் வர யு.பி.ஐ. பின் போடு என்றாலோ அது திருட்டு வேலை. பின் போட்டால் பணம் போகும், வராது. ஏமாந்துவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் போடுங்கள்.

பேப்பரோடு வரும் சூப்பர் மார்க்கெட் நோட்டீஸில் வெட்டி எடுக்கிற கூப்பன் இருந்தால், தேதியைப் பேனாவால் வட்டமிட்டு மஞ்சப்பையிலேயே போட்டு வையுங்கள், பிரிட்ஜ் மேலே வைத்தால் ஞாபகம் வராது. கடையில் சாமானை எடுத்து வைப்பதற்கு முன்னாலேயே கூப்பனை நீட்டி, செல்லுமா என்று கேட்டுவிடுங்கள். பில் அடித்த பிறகு நீட்டினால் கேஷியர் மேனேஜரைத் தேடிப் போவார், மேனேஜர் சாவியோடு வருவதற்குள் பின்னால் நிற்கிற ஏழு பேரும் உங்களையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.