நத்தை வழக்கிலிருந்து தொடங்குங்கள்: முதல் தீர்ப்பைப் படிக்கும் முறை

சட்டம் படிக்க வந்த புதிதில் நான் பிரிவு எண்களைத்தான் மனப்பாடம் செய்தேன். மூன்றே மாதத்தில் பாதி மறந்துபோனது. ஒரு தீர்ப்பை முழுசாகப் படித்த பிறகுதான் இந்தப் படிப்பின் பிடி கிடைத்தது. நீங்களும் அங்கிருந்தே தொடங்கலாம். டோனஹியூ எதிர் ஸ்டீவன்சன் வழக்கை எடுத்துக்கொள்வோம்.

படி 1: சங்கதிகளை எழுதுங்கள்

1928 ஆகஸ்ட், ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரம். உடன் வந்தவர் வாங்கிக் கொடுத்த ஜிஞ்சர் பீரை மே டோனஹியூ குடிக்கிறார். மிச்சத்தை ஊற்றும்போது புட்டியிலிருந்து அழுகிய நத்தை விழுந்ததாம். அதனால் உடம்புக்கு முடியாமல் போனதாம். புட்டி அடர்நிறக் கண்ணாடி, உள்ளே இருப்பது தெரியாது. பானத்தைத் தயாரித்த ஸ்டீவன்சன் மீது அவர் வழக்குப் போட்டார்.

இப்போது ஒவ்வொரு சங்கதியையும் மாற்றிப் பாருங்கள். நத்தைக்குப் பதில் கரப்பான் என்றால்? எதுவும் மாறாது. அவரே காசு கொடுத்து வாங்கியிருந்தால்? கடைக்காரர் மீது ஒப்பந்தத்தை வைத்தே வழக்குப் போட்டிருக்கலாம். கண்ணாடி தெளிவாக இருந்திருந்தால்? குடிக்கும் முன்பே யாராவது பார்த்திருக்கலாமே என்ற வாதம் வரும். எதை மாற்றினால் முடிவு ஆட்டம் காண்கிறதோ, அதுவே முக்கியமான சங்கதி. இந்தப் பயிற்சிக்கு மட்டும் ஒரு மாலை முழுக்கச் செலவிடுங்கள்.

படி 2: எழுவினாவை (நீதிமன்றம் தீர்க்க வேண்டிய பிரச்சினையை) ஒரே கேள்வியாக்குங்கள்

ஒப்பந்தமே இல்லாத நுகர்வோரிடம் தயாரிப்பாளருக்குக் கவனக் கடமை, அதாவது அவருக்குத் தீங்கு வராதபடி கவனமாக இருக்கும் பொறுப்பு, உண்டா? அவ்வளவுதான்.

படி 3: ரேஷியோவை (முடிவுக்கு அடிப்படையான சட்ட விதியை) பிரித்தெடுங்கள்

1932இல், அன்று பிரிட்டனின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபையில், நீதிபதிகள் மூன்று பேர் 'உண்டு' என்றார்கள், இரண்டு பேர் 'இல்லை' என்றார்கள். 'உண்டு' என்றவர்களில் ஒருவரான அட்கின் பிரபு சொன்ன 'அண்டை அயலார்' கொள்கையை (நம் செயலால் பாதிக்கப்படக்கூடும் என்று நியாயமாக எதிர்பார்க்கக்கூடியவர்களுக்குத் தீங்கு வராமல் கவனம் எடுக்க வேண்டும் என்பதை) அப்படியே ரேஷியோ என்று எழுதிவிட்டு வருபவர்கள் நிறைய. சங்கதிகளோடு ஒட்டிய விதி அதைவிடக் குறுகியது: இடையில் யாரும் சோதிக்க வழியில்லாதபடி பொருளை நுகர்வோர் கைக்கு அனுப்பும் தயாரிப்பாளர், நியாயமான கவனம் எடுக்க வேண்டும்.

படி 4: மறுப்புத் தீர்ப்பையும் படியுங்கள்

ஒப்பந்தத்தைத் தாண்டி ஓர் அடி வைத்தால் ஐம்பது அடி வைக்காமலிருக்கக் காரணமில்லை என்ற பழைய வழக்கு ஒன்றின் வாசகத்தை, 'இல்லை' என்ற இருவரில் ஒருவரான பக்மாஸ்டர் பிரபு எடுத்துக்காட்டினார். அந்தப் பயம் அசட்டுத்தனமானதல்ல. பதில் சொல்லிப் பாருங்கள்.

படி 5: எது முடிவாகவில்லை என்று குறியுங்கள்

மேலே 'விழுந்ததாம்' என்று எழுதினேன் அல்லவா? சொன்னதெல்லாம் உண்மை என்று வைத்துக்கொண்டுதான் சபை சட்டக் கேள்விக்கு விடை சொன்னது. அப்புறம் வழக்கு சமரசத்தில் முடிந்தது. நத்தை இருந்ததா என்பது கடைசிவரை நிரூபிக்கப்படவே இல்லை.