‘ஏன்’ என்று கேட்காதீர்கள்: ஊருக்கு நெட் கேட்டு ஆர்.டி.ஐ. எழுதும் முறை

திருகோணமலை டவுனில் சின்னதாக ஒரு கொமினிகேஷன் வைத்திருக்கிறேன். போட்டோ கொப்பி, ரீலோட், படிவம் நிரப்புவது. ஒன்லைன் விண்ணப்பம் போடவென்றே வெருகல் பக்கமிருந்து பஸ் ஏறி வருகிறார்கள். “எங்கட ஊரில சிக்னல் இருந்தா உங்களிட்ட ஏன் தம்பி வாறம்?” என்று ஒரு அக்கா நேரே கேட்டார். நியாயம்தான், எனக்குத்தான் வியாபாரம் போகும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் (ஆர்.டி.ஐ.) கேள்வி கேட்க அவருக்கு எழுதிக் கொடுத்த முறை இது.

முதலில் கோளாறு பெக்கேஜிலா, டவரிலா என்று பாருங்கள். வட்ஸ்அப், பேஸ்புக் மட்டும் ஓடும் மலிவுப் பெக்கேஜில் வர்த்தமானி லிங்கைத் தட்டினால் திறக்காது, அல்லது மெயின் பலன்ஸைத் தின்னும். யாரோ வெட்டி அனுப்பிய படத்தை நம்பியே இருக்க வேண்டும். இதை நான் சலுகை என்று சொல்ல மாட்டேன். தளத்துக்குத் தளம் வேறு விலை வைப்பதை இந்தியாவின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2016 பெப்ரவரியில் தடுத்தது. அமெரிக்காவில் கலர் ஒஃப் சேஞ்ச் போன்ற கறுப்பின உரிமை அமைப்புகள் திறந்த இணையத்தை, அதாவது எல்லாத் தளத்தையும் கம்பனி ஒரே மாதிரி நடத்துவதை, சிவில் உரிமையாகவே பேசின. 2014இல் பெர்குசன் நகரில் கறுப்பின இளைஞர் ஒருவரைப் பொலிஸ் சுட்டுக் கொன்றபின் நடந்ததை ஊர்ச் சனமே போனில் எடுத்து உலகுக்குக் காட்டியது. அந்த வழியைக் கம்பனி நினைத்தபடி மெதுவாக்கலாமா என்பதுதான் கேள்வி. அங்கே திறந்த இணையத்தைக் காக்க 2015இல் வந்த விதி 2017இல் நீக்கப்பட்டது. 2024இல் மீண்டும் வந்து, 2025 ஜனவரியில் நீதிமன்றத்தில் விழுந்தது.

சரி, சாதாரண டேட்டா போட்டும் ஓடவில்லையா? ஒரே இடத்தில் நின்று காலை, மதியம், இரவு வேகம் பார்த்து ஸ்கிரீன்ஷொட் எடுங்கள். இரண்டு கம்பனி சிம்மிலும் பாருங்கள். கிராம சேவையாளர் பிரிவின் பெயரையும் குறித்து வையுங்கள்.

அப்புறம் கடிதம். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம். காரணம் சொல்லத் தேவையில்லை, தமிழிலேயே எழுதலாம். தகவல் அலுவலர், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு, எல்விட்டிகல மாவத்தை, கொழும்பு 8 என்று முகவரி போடுங்கள்.

“எங்களுக்கு ஏன் டவர் இல்லை?” என்று மட்டும் எழுத வேண்டாம். அவர்கள் தர வேண்டியது கையிலுள்ள பதிவுகளை, விளக்கத்தை அல்ல. “அது கம்பனிகளின் முடிவு” என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். எண்ணிக்கையும் பிரதியும் கேளுங்கள்: வெருகல் பிரதேச செயலாளர் பிரிவில் இன்று இயங்கும் 4ஜி டவர்கள் எத்தனை, எந்தெந்த இடத்தில்? 2020 முதல் வந்த டவர் விண்ணப்பங்கள் எத்தனை, எத்தனைக்கு அனுமதி? இனிமேல் வரவிருக்கும் டவர்களின் பட்டியல் இருந்தால் அதன் பிரதி.

அதே கேள்விகளைச் சிங்களவர் அதிகமுள்ள பக்கத்துச் சேருவில பிரிவுக்கும் சேர்த்துக் கேளுங்கள். “தமிழ் ஊர் என்பதால்தான் தரவில்லை” என்று கடையில் தினமும் கேட்கிறேன். இருக்கலாம். ஆனால் அரசியலமைப்பின் 12(2)ஆம் உறுப்புரையைப் பிடித்து இன, மொழிப் பாகுபாடு என்று சொல்வதற்கு இரண்டு எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் வேண்டும். சேருவிலவிலும் டவர் இல்லையென்றால் இரண்டு ஊரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டிய கடிதம் அது.

பதிவுத் தபாலில் அனுப்பி, துண்டைப் போனில் படம் எடுத்து வையுங்கள், அந்த மை சீக்கிரம் மங்கும். 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாளுக்குள் அதே நிறுவனத்தில் மேன்முறையீடு கேட்கும் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதுவும் சரிவராவிட்டால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

எண்கள் பாகுபாட்டைக் காட்டினால் ஒரு மாதத்துக்குள் திருகோணமலையிலுள்ள மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்துக்குப் போங்கள். உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுப் போடுவதற்கான ஒரு மாதக் கெடுவில் அவர்கள் விசாரிக்கும் காலம் சேராது. பதில் சிங்களத்தில் மட்டும் வந்தால் தமிழில் கேட்டு அதே அலுவலருக்குத் திருப்பி எழுதுங்கள். அந்த ஒரு கடிதத்துக்கு நான் காசு வாங்குவதில்லை.